டிராஃப்டுக்கு முன்னால்: ஏ.எஃப்.எல். இளம் வீரர்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புட்டி என்று இங்கே அழைக்கும் ஆஸ்திரேலியக் கால்பந்தின் பெரிய லீக்கான ஏ.எஃப்.எல்.லில், கிராண்ட் ஃபைனல் (இறுதிப் போட்டி) முடிந்ததும் மெல்பர்னில் புட்டி பேச்சு ஓய்ந்துவிடும் என்று புதிதாக வந்தவர்கள் நினைக்கிறார்கள். ஓயாது. அக்டோபரில் கிளப்புகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேட், நவம்பர் கடைசியில் புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட். அதுவரை, யாரும் நேரில் பார்த்திராத பதினெட்டு வயதுப் பையன்களைப் பற்றிக் காரசாரமான விவாதம் நடக்கும். பிள்ளைகளை ஆஸ்கிக்கில் (சிறுவர் புட்டி வகுப்பு) சேர்த்துவிட்டு, தாங்களும் ஒரு கிளப்பைப் பிடித்துக்கொண்ட நம் நண்பர்கள் வருடா வருடம் என்னிடம் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

டிராஃப்ட்னா என்ன? நம்ம ஐ.பி.எல். ஏலம் மாதிரிதானே?

இல்லை. ஏலத்தில் பணம் பேசும். இங்கே பணத்துக்கு வேலையே இல்லை. புள்ளிப் பட்டியலில் கடைசியில் வந்த அணி முதலில் தேர்ந்தெடுக்கும், கோப்பை வென்ற அணி கடைசியில் தேர்ந்தெடுக்கும். இப்படிச் சுற்றுச் சுற்றாகப் போகும். இந்த உரிமைக்குத்தான் 'பிக்' என்று பெயர். 1986-ல், ஏ.எஃப்.எல். இன்னும் வி.எஃப்.எல். என்ற பெயரில் இருந்த காலத்தில் தொடங்கிய முறை இது. பணக்கார கிளப்புகளே நல்ல ஆட்களை வாரிக்கொண்டு போகக் கூடாது என்பது நோக்கம்.

பையன் எந்த கிளப்புக்குப் போவது என்பதை அவன் தீர்மானிக்க முடியாது. பெர்த்தில் வளர்ந்தவனை சிட்னி அழைத்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முதல் ஒப்பந்தம் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு. பிக்குகளை கிளப்புகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். 2015-லிருந்து அடுத்த ஆண்டின் பிக்கையும் விற்கலாம், 2018-லிருந்து டிராஃப்ட் நடந்துகொண்டிருக்கும்போதே பேரம் பேசலாம். விவாதங்கள் இவ்வளவு சூடாக இருப்பதற்கு இந்தப் பேரங்களும் ஒரு காரணம்.

என்ன வயசுல பேர் கொடுக்கலாம்?

அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 18 வயது நிறைய வேண்டும். அதற்கு மேல் எந்த வயதினரும் வரலாம்.

இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வருட டிராஃப்டில்தான் நிற்பார்கள். அந்த வயதில் பதினொரு மாத இடைவெளி என்பது தோளிலும் தொடையிலும் தெரியும். புல்டாக்ஸ் கிளப்பின் நட்சத்திரம் மார்கஸ் பொன்டெம்பெல்லி நவம்பர் கடைசியில் பிறந்தவர். 18 வயது நிறைந்த அதே வாரத்தில்தான் அவர் டிராஃப்டில் எடுக்கப்பட்டார். 'உடம்பு இன்னும் வரலை' என்று ஒரு பையனை யாராவது ஒதுக்கினால், பிறந்த மாதத்தைப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன்.

இந்தப் பசங்க எல்லாம் எங்கே ஆடுறாங்க? டி.வி.யில பார்த்ததே இல்லையே.

விக்டோரியாவில் கோட்ஸ் டேலன்ட் லீக் (முன்பு டி.ஏ.சி. கப்). ஓக்லி சார்ஜர்ஸ், சான்ட்ரிங்கம் டிராகன்ஸ், பென்டிகோ பயனியர்ஸ் போன்ற 18 வயதுக்குட்பட்டோர் அணிகள் அதில் ஆடுகின்றன. தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் அங்குள்ள மாநில லீக் கிளப்புகளின் இளையோர் அணிகள். இவை தவிர மெல்பர்னின் பெரிய தனியார் பள்ளிகளின் சனிக்கிழமை ஆட்டங்கள். அப்புறம் ஆண்டின் நடுவில் தேசிய 18 வயதுக்குட்பட்டோர் சாம்பியன்ஷிப். அதில் விக்டோரியாவுக்கு மட்டும் நகரம், நாட்டுப்புறம் என இரண்டு அணிகள். நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து, வடக்குப் பிரதேசம், டாஸ்மேனியா பையன்கள் சேர்ந்து 'அல்லைஸ்' என்ற பெயரில் ஆடுவார்கள்.

இந்த மேடைகள் எல்லாம் சம தரத்தில் இல்லை. 2021-ல் ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ் தன் வயதுக்காரர்களோடு மட்டும் மோதவில்லை. சவுத் அடிலெய்டுக்காகப் பெரியவர்கள் ஆடும் லீக்கில் வளர்ந்த ஆண்களோடு மோதினார். அங்கே எடுத்த பதினைந்து பந்துக்கும், பள்ளி ஆட்டத்தில் எடுத்த முப்பது பந்துக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது.

'பாண்டம் டிராஃப்ட்'னு ஆளாளுக்கு லிஸ்ட் போடறாங்களே, நம்பலாமா?

யார் எந்த பிக்கில் போவார் என்று முன்கூட்டியே கணிக்கும் பட்டியல் அது. நிருபர்கள் கிளப் ஆட்களோடு பேசிப் போடும் கடைசி வாரப் பட்டியல்கள் முதல் ஐந்தாறு இடங்களில் ஓரளவு சரியாக வரும். அதற்குக் கீழே ஊகம்தான். ஒரு கிளப் எதிர்பாராத ஒருவனை எடுத்தால் அதன் பின்னால் இருக்கும் எல்லா இடமும் கலைந்துவிடும். மார்ச் மாதத்தில் வரும் பட்டியலைச் சுவாரஸ்யத்துக்காகப் படிக்கலாம், அதை வைத்துச் சண்டை போட வேண்டாம்.

'போல்ட்டர்' என்ற சொல்லும் காதில் விழும். பட்டியலில் எங்கேயோ கிடந்து, கடைசி இரண்டு மாதத்தில் மேலே பாய்ந்து வருபவன் என்று அர்த்தம்.

கம்பைன்ல வேகமா ஓடினா மேலே ஏறிடலாமா?

அக்டோபர் தொடக்கத்தில் மெல்பர்னில் நடக்கும் தேசிய கம்பைனில் (டிராஃப்டுக்கு முந்தைய சோதனை முகாம்) 20 மீட்டர் ஓட்டம், 2 கிலோமீட்டர் ஓட்டம், உயரத் தாண்டுதல் அளவு, சுறுசுறுப்புச் சோதனை எல்லாம் உண்டு. 20 மீட்டரை 2.9 வினாடிக்குள் முடிப்பவன் நிஜமாகவே வேகமானவன். 2 கிலோமீட்டரை ஆறு நிமிடத்துக்குள் முடித்தால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் ஏற்கெனவே சந்தேகம் இருந்த இடத்தில்தான் இந்த எண்கள் உதவும். 'இவன் மெதுவோ?' என்று நினைத்த மிட்ஃபீல்டர் நன்றாக ஓடினால் ஒரு தயக்கம் நீங்கும், அவ்வளவுதான். கிளப்புகள் கம்பைனில் அதிகம் மதிப்பது நேர்காணலையும் மருத்துவச் சோதனையையும் என்பது என் எண்ணம். வெளியே வராத தகவல் அது, அதனால் நம் விவாதத்துக்கு எப்போதும் அரைக் கண்தான்.

ஹைலைட்ஸ் பார்த்தேன், பையன் பின்றான்! ஏன் 20-க்கு அப்புறம்தான் போவான்னு சொல்றாங்க?

ஹைலைட்ஸில் எல்லோரும் பின்னத்தான் செய்வார்கள். மூன்று நிமிட வீடியோவில் பந்து அவன் கையில் இருக்கும் நேரம் மட்டுமே தெரியும். ஒரு முழு ஆட்டம் பாருங்கள், பந்து அவனிடம் இல்லாதபோது அவனைப் பாருங்கள். எதிராளி பந்தை எடுத்து ஓடும்போது துரத்துகிறானா, நின்று வேடிக்கை பார்க்கிறானா? கடைசி கால்வாசியில் கால் கனக்கும்போதும் அடுத்த இடத்துக்குப் போகிறானா?

அப்புறம் உதை. வலது கால்காரனை இடது பக்கம் தள்ளினால் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். இளையோர் ஆட்டத்தில் திரும்பி நல்ல காலுக்கு வர நேரம் கிடைக்கும், மேல் மட்டத்தில் அந்த நேரத்தில் டேக்கிள் விழுந்துவிடும். முப்பது முறை பந்து எடுத்தான் என்கிறீர்களே, அதில் எத்தனை நெரிசலுக்குள் கை விட்டு எடுத்தது, எத்தனை ஓரத்தில் நின்று வாங்கியது என்று கேளுங்கள். எந்த இடத்தில் ஆடுகிறான் என்பதும் முக்கியம். கீழ் மட்டத்தில் மிட்ஃபீல்டராகக் கலக்கும் பையன் ஏ.எஃப்.எல்.லில் பின்வரிசை ஹாஃப்-பேக்கிலோ, கோல் ஓரத்து ஃபார்வர்டு பாக்கெட்டிலோதான் தொடங்குவான். அங்கேயும் தாக்குப்பிடிக்கும் குணம் ஒன்றாவது அவனிடம் இருக்க வேண்டும். கிளப்புக்கு ஆள் தேடும் ரெக்ரூட்டர்கள் தேடுவது அதைத்தான்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் 'இவன் முதல் பத்தில் வர வேண்டியவன்' என்று தோன்றினால் தைரியமாகச் சொல்லுங்கள். லாக்கி நீல் 2011-ல் 58-வது பிக். பின்னால் 2020, 2023 என இரண்டு பிரௌன்லோ (பருவத்தின் சிறந்த வீரருக்கான பதக்கம்) வாங்கினார். பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஜேம்ஸ் ஹேர்ட் 1990-ல் 79-வது பிக். அன்றைக்கு அவர்களுக்காகச் சண்டை போட்டவர் யாராவது இருந்திருந்தால் அவர் பேச்சை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உயரமான பையனை முதல்ல எடுக்கணுமா, மிட்ஃபீல்டரையா? எங்க வீட்டுலயே ரெண்டு கட்சி.

எங்கும் இரண்டு கட்சிதான். உயரமான கீ ஃபார்வர்டு (கோல் அடிக்கும் முக்கிய ஆள்) கிடைப்பது அரிது, அதனால் கிடைக்கும்போது பிடித்துவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. உயரமானவர்கள் முதிர நேரம் எடுக்கும், முதல் பிக்கை அதில் வைத்துச் சூதாடக் கூடாது என்பது இன்னொன்று.

இரண்டாவது கட்சிக்காரர்கள் முதலில் எடுப்பது 2008-ஐ. மெல்பர்ன் கிளப் முதல் பிக்கில் உயரமான ஜாக் வாட்ஸை எடுத்தது. அடுத்த ஆண்டு ராணி பிறந்தநாள் ஆட்டத்தில், கொலிங்வுட்டுக்கு எதிராக, மெல்லிய உடம்போடு அவரை இறக்கினார்கள். பந்தைத் தொட்டதும் மூன்று பேர் மேலே விழுந்த காட்சியை இன்றும் காட்டுகிறார்கள். 2013-ல் முதல் பிக் டாம் பாய்ட், உயரமான ஃபார்வர்டு. ஒரே ஆண்டில் ஜி.டபிள்யூ.எஸ்.ஸை (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) விட்டு புல்டாக்ஸுக்குப் போனார், 2016 கிராண்ட் ஃபைனலில் அந்த அணியை நிமிர்த்தினார், 23 வயதில் ஆட்டத்தை விட்டுவிட்டார். இவரை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? கோப்பைக்காக 62 ஆண்டு காத்திருந்த புல்டாக்ஸ் ரசிகரிடம் 'தோல்வி' என்று சொல்லிப் பாருங்கள்.

முதல் கட்சிக்கு 2004 போதும். ரிச்மண்ட் நாலாவது பிக்கில் ரிச்சர்ட் டாம்ப்லிங்கை எடுத்தது. அடுத்த பிக்கில் ஹாதார்ன் எடுத்தது உயரமான ஃபார்வர்டு லான்ஸ் ஃபிராங்க்ளினை. ஆயிரம் கோலைத் தாண்டியவர். டாம்ப்லிங் நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடிய வீரர், ஆனால் அவர் பெயரை யார் சொன்னாலும் பக்கத்தில் ஃபிராங்க்ளின் வந்து நிற்பார். பாவம்.

என் கட்சி என்ன என்று கேட்டால்: முதல் மூன்று பிக்கில் உயரத்தைப் பார்க்காமல் சிறந்தவனை எடுக்க வேண்டும். ரக் ஆட்களை (ஆட்டம் தொடங்கும்போது தாவிப் பந்தைத் தட்டும் மிக உயரமானவர்கள்) மட்டும் அவ்வளவு மேலே எடுக்கவே கூடாது. மேக்ஸ் கான் 2009-ல் 34-வது பிக், முதல் தடவை ஆல்-ஆஸ்திரேலியன் அணிக்குள் (ஆண்டின் சிறந்த வீரர்கள் பட்டியல்) வர 2016 ஆனது. அவ்வளவு பொறுமை அடிமட்ட அணிகளின் பயிற்சியாளர்களுக்கு வாய்ப்பதில்லை.

காயம்பட்ட பையனை எடுக்கிறது ரிஸ்க் இல்லையா?

ரிஸ்க்தான். ஆனால் எந்தக் காயம் என்று பார்க்க வேண்டும். ஜோயல் செல்வுட் 2006-ல் முழங்கால் பிரச்சினையால் ஏழாவது பிக் வரை சறுக்கினார். ஜீலாங்குக்காக 355 ஆட்டங்கள், நான்கு கோப்பைகள். சாம் லேலர் 2024-ல் காயங்களால் பல ஆட்டங்களைத் தவறவிட்டும் முதல் பிக்காகப் போனார். அதே டிராஃப்டில் மூன்றாவதாகப் போன ஜாகா ஸ்மித், கார்ல்டனுக்கு ஓர் ஆட்டம் ஆடுவதற்கு முன்பே பயிற்சிக் காலத்தில் முழங்கால் தசைநார் அறுந்து 2025 முழுவதும் உட்கார வேண்டியதாயிற்று. காயம் இல்லாதவனை எடுத்தாலும் இதுதான் கதி என்றால் என்ன செய்வது!

அப்பா ஆடின கிளப்புக்கே பையன் போகலாமாமே? இது நியாயமா?

தந்தை அந்த கிளப்புக்காக 100 மூத்த அணி ஆட்டங்கள் ஆடியிருந்தால், மகனை எடுக்க அந்த கிளப்புக்கு முன்னுரிமை. இலவசம் இல்லை. வேறொரு கிளப் தன் முறை வரும்போது அவனுக்கு 'பிட்' கேட்டால் (அவன் வேண்டும் என்று பெயர் சொன்னால்), அந்த பிக்கின் புள்ளி மதிப்புக்கு ஈடாகத் தன் பிக்குகளைக் கொடுக்க வேண்டும். முதல் பிக்குக்கு 3000 புள்ளி, கீழே போகப் போகக் குறையும். இந்தப் புள்ளி முறை 2015-ல் வந்தது. முதலில் 20 சதவீதத் தள்ளுபடி இருந்தது, 2025-லிருந்து அதை 10 ஆக்கிவிட்டார்கள்.

நியாயமா என்றால், பிரிஸ்பேனைப் பாருங்கள். மார்கஸ் ஆஷ்கிராஃப்டின் மகன் வில் 2022-ல் இரண்டாவது பிக்காகவும், தம்பி லீவை 2024-ல் ஐந்தாவதாகவும் வந்தார்கள். 2024-ல் கோப்பை வென்ற அணிக்கு அதே ஆண்டு ஐந்தாவது பிக். வில் 2024, 2025 இரண்டு கிராண்ட் ஃபைனலிலும் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கினார். முதல் கேள்வியில் சொன்ன 'கடைசி அணிக்கு முதல் வாய்ப்பு' என்ற கொள்கையோடு இது ஒட்டவே இல்லை. ஆனாலும் எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பப் பெயர் அதே ஜெர்சியில் திரும்பி வருவதைப் பார்க்க மைதானத்துக்கு வரும் கூட்டம் இருக்கிறது. முழு விலை கொடுத்து வாங்கட்டும், தள்ளுபடி எதற்கு என்பதுதான் என் வாதம்.

எங்க கிளப்புக்கு ரெண்டாவது பிக்னு சொன்னாங்க, டிராஃப்ட் அன்னிக்கு மூணாயிடுச்சு. ஏமாத்துறாங்களா?

மேலே சொன்ன பிட்தான் காரணம். 2021-ல் ஜி.டபிள்யூ.எஸ். கையில் இரண்டாவது பிக். அவர்கள் சாம் டார்சிக்கு பிட் கேட்டார்கள். தந்தை லூக் டார்சி புல்டாக்ஸ்காரர் என்பதால் புல்டாக்ஸ் ஈடு கொடுத்து எடுத்துக்கொண்டது. டார்சி இரண்டாவதாகப் பதிவானார், ஜி.டபிள்யூ.எஸ்.ஸின் பிக் மூன்றாகியது. அடுத்து கோல்டு கோஸ்ட் நிக் டேய்கோஸுக்கு பிட் கேட்க, அதே தந்தை வழி முன்னுரிமையில் கொலிங்வுட் ஈடு கொடுத்தது. கோல்டு கோஸ்ட்டின் பிக்கும் ஓரிடம் கீழே. அவர்கள் எடுத்தது மேக் ஆண்ட்ரூவை.

இதில் ஒரு வேடிக்கை: ஜி.டபிள்யூ.எஸ். வைத்திருந்த அந்த இரண்டாவது பிக் உண்மையில் கொலிங்வுட்டுடையது. முந்தைய ஆண்டே அதை விற்றிருந்தார்கள். டேய்கோஸ் எப்படியும் வந்துவிடுவார் என்று தெரிந்திருந்ததால் விற்றார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் 17-வது இடத்தில் முடிப்போம் என்று அவர்களே எதிர்பார்க்கவில்லை.

நம்ம பிள்ளைங்களுக்கு அகாடமி வழியா ஏதோ தனி வழி இருக்காமே?

இரண்டு வகை அகாடமி உண்டு, கலக்கக் கூடாது. முதல் வகை சிட்னி, ஜி.டபிள்யூ.எஸ்., பிரிஸ்பேன், கோல்டு கோஸ்ட் ஆகிய நான்கு வடக்கு கிளப்புகளுடையது. ரக்பி ஊர்களில் புட்டியை வளர்ப்பதற்காக வந்தது. ஐசக் ஹீனி, கேலம் மில்ஸ் இப்படி வந்தவர்கள். 2023-ல் கோல்டு கோஸ்ட் ஒரே டிராஃப்டில் நான்கு அகாடமிப் பையன்களை எடுத்தபோது தெற்கில் பெரிய முணுமுணுப்பு.

இரண்டாவது 'நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி'. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும், ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கும் உரியது. கிளப்புகளுக்குப் பகுதி பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்தவரின் பிள்ளை இந்த வரையறைக்குள் வரலாம். ஈராக் வம்சாவளிக் குடும்பத்தின் ஐசக் காகோவை எசன்டன் 2024-ல் 13-வது பிக்காக இப்படித்தான் எடுத்தது. விதி அடிக்கடி மாறும். 2020-ல் ஜமாரா உகில்-ஹேகன் முதல் பிக்காக புல்டாக்ஸுக்குப் போனதும் மற்ற கிளப்புகள் கொதித்தன. அடுத்த ஆண்டே முதல் 20 பிக்குக்குள் ஈடு கொடுக்கத் தடை வந்தது. மேலே சொன்ன மேக் ஆண்ட்ரூ மெல்பர்ன் அகாடமிப் பையன்தான், அந்தத் தடையால் கைநழுவிப் போனார். பின்னர் தடையைத் தளர்த்தினார்கள். பையன் பன்னிரண்டு வயதில் நன்றாக ஆடுகிறான் என்றால் உள்ளூர் கிளப் பொறுப்பாளரிடம் கேட்டுவையுங்கள். டிராஃப்ட் கனவை மட்டும் வீட்டில் பேச வேண்டாம்.

ஊருக்கே திரும்பிடுவான்னு பயந்து நல்ல ஆளை விட்டுடலாமா?

இதற்கு 'கோ ஹோம் ஃபேக்டர்' என்று பெயர். ஹார்ன்-ஃபிரான்சிஸ் நார்த் மெல்பர்னின் முதல் பிக். ஒரே பருவம் ஆடிவிட்டு அடிலெய்டுக்குத் திரும்பி போர்ட் அடிலெய்டில் சேர்ந்தார். விக்டோரியாவின் டொங்காலாவிலிருந்து வந்த ஹார்லி ரீடை வெஸ்ட் கோஸ்ட் 2023-ல் எடுப்பதற்கு முன்பே, 'எத்தனை வருஷம் பெர்த்தில் இருப்பான்' என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த பிக்குக்குப் பல கிளப்புகள் பேரம் பேசியும் வெஸ்ட் கோஸ்ட் விடவில்லை. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். போகிறவன் சும்மா போவதில்லை, பதிலுக்கு பிக்கோ ஆளோ வரும். கடைசிக் கேள்வியில் ஜட் கதையைப் பாருங்கள்.

நல்ல பிக் வேணும்னு கிளப்புங்க வேணும்னே தோக்குதா?

சந்தேகம் பழையது. வெற்றி குறைந்த அணிக்குத் தானாகக் கூடுதல் பிக் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. 2009 பருவத்தில் மெல்பர்ன் நடந்துகொண்ட விதத்தை விசாரித்து 2013-ல் ஐந்து லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். வேண்டுமென்றே தோற்றதாகத் தீர்ப்பு வரவில்லை. அந்த டிராஃப்டில் மெல்பர்னுக்கு முதல் இரண்டு பிக்கும் கிடைத்தன: டாம் ஸ்கல்லி, ஜாக் டிரெங்கோவ். ஸ்கல்லி இரண்டே ஆண்டில் ஜி.டபிள்யூ.எஸ்.ஸுக்குப் போய்விட்டார். மூன்றாவதாக ரிச்மண்ட் எடுத்தது டஸ்டின் மார்ட்டினை, மூன்று நார்ம் ஸ்மித் பதக்கக்காரரை. தானாகக் கூடுதல் பிக் கிடைக்கும் முறை இப்போது இல்லை.

டிராஃப்ட்ல பேர் வரலைன்னா முடிஞ்சுதா?

இல்லை. முக்கிய டிராஃப்டில் இடம் கிடைக்காதவர்களுக்கு ரூக்கி டிராஃப்ட் இருக்கிறது. ரூக்கியாக வந்த மேட் பிரிடிஸ் 2014-ல் பிரௌன்லோ வாங்கினார். 2019-லிருந்து பருவத்தின் நடுவிலும் ஒரு டிராஃப்ட் நடக்கிறது. அதில் ரிச்மண்ட் எடுத்த மார்லியன் பிக்கெட் தன் முதல் ஆட்டத்தையே அந்த ஆண்டு கிராண்ட் ஃபைனலில் ஆடினார், கோப்பையும் கிடைத்தது.

பொண்ணுங்களுக்கும் உண்டா?

உண்டு. ஏ.எஃப்.எல். மகளிர் டிராஃப்ட் 2016-ல் தொடங்கியது. முதல் பிக் நிக்கோலா பார், ஜி.டபிள்யூ.எஸ்.

சின்னப் பசங்களை இப்படிப் பிரிச்சு மேயறது சரியா?

ஆட்டத்தைப் பேசலாம். 'இடது கால் பலவீனம்' என்பது ஆட்டம். 'இவன் சோம்பேறி, இவன் குடும்பம் சரியில்லை' என்பது வம்பு. பலருக்கு இன்னும் 17 வயதுதான், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் அதே அக்டோபர், நவம்பரில்தான். எழுதுவதை அவர்களும் அவர்கள் அம்மாவும் படிக்கிறார்கள். எதிர்பார்த்த பையன் வரவில்லை என்றால் ஏமாற்றத்தை கிளப்பின் தேர்வுக்குழு மேல் காட்டுங்கள், சம்பளம் வாங்குபவர்கள் அவர்கள்.

கடைசியா ஒண்ணு: 2001-ல ஹாட்ஜா, ஜட்டா? ரெண்டு பக்கமும் அடிச்சுக்கறாங்க.

தெரியாதவர்களுக்கு: முதல் பிக் லூக் ஹாட்ஜ் ஹாதார்னுக்கு, இரண்டாவது லூக் பால் செயின்ட் கில்டாவுக்கு, மூன்றாவது கிறிஸ் ஜட் வெஸ்ட் கோஸ்ட்டுக்கு. ஜட் இரண்டு பிரௌன்லோ, 2006 கோப்பை. ஹாட்ஜ் நான்கு கோப்பை, இரண்டு நார்ம் ஸ்மித். அந்த முதல் பிக் முதலில் ஃபிரிமாண்டலுடையது. டிரென்ட் குரோடுக்கும் லூக் மெக்ஃபார்லினுக்கும் பதிலாக 1, 20, 36 மூன்றையும் ஹாதார்னுக்குக் கொடுத்தார்கள். 36-ல் வந்தவர் சாம் மிட்செல். குரோடு இரண்டு ஆண்டில் ஹாதார்னுக்கே திரும்பிவிட்டார்.

ஜட் 2007 முடிவில் மெல்பர்னுக்குத் திரும்பி கார்ல்டனில் சேர்ந்தார். பதிலுக்கு வெஸ்ட் கோஸ்ட்டுக்குக் கிடைத்த ஜோஷ் கென்னடி அந்த கிளப்பின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார். ஆக, அந்த மூன்றாவது பிக்கால் வெஸ்ட் கோஸ்ட்டுக்கு இரண்டு பெரிய வீரர்கள். தனி ஆளாகப் பார்த்தால் ஜட்தான் சிறந்த ஆட்டக்காரர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஹாதார்ன் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தால் ஹாட்ஜைத்தான் மறுபடியும் எடுப்பேன்: பதினாறு பருவம் எங்கும் போகாமல் அங்கேயே இருந்து மூன்று தொடர் கோப்பைகளுக்குத் தலைமை தாங்கியவர். ஃபிரிமாண்டல் ரசிகர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.